நடந்தால், நடந்தாலும்: நேர்த்திக்கடன் எதை நேர்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயன் வீட்டை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்களின் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டால் ஆணியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தட்டுப்படும். உள்ளே ஒரு நாணயமும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் இருக்கும். சில வீடுகளில் முடிச்சு நாலைந்து சேர்ந்துவிட்டது. எது எதற்காக முடிந்தது என்பது பாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

முடிந்தபோது சொன்ன வாக்கியம் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "முருகா, இது மட்டும் நடந்துட்டா உனக்குக் காவடி எடுக்கிறேன்." தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய காலத்தில் 'இது' என்றால் பிள்ளையின் மலேரியாக் காய்ச்சல். இன்று அது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பில் இடம், சிங்கப்பூர் வேலை, அப்பாவின் சிறுநீரகம். கேட்பது மாறிவிட்டது, வாக்கியம் மாறவில்லை.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பால்குடமா, அலகா, தீமிதியா, மொட்டையா, அன்னதானமா என்பது ஒன்று. இப்படி நம்புவதே அறிவுக்குப் பொருந்துமா என்பது மற்றொன்று. இரண்டாவதைக் காப்பிக்கடையில் பேசித் தீர்க்கப் பார்க்கிறோம். முதலாவதைப் பக்கத்து வீட்டில் என்ன நேர்ந்தார்கள் என்று பார்த்து முடிவு செய்கிறோம். இரண்டாவதற்கு விடை தெரிந்தால்தான் முதலாவதைத் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்வோம்.

முதலில் வாக்கியம்

நேர்த்திக்கடன் மூன்று வாக்கியங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்.

"நடந்தால் செய்கிறேன்." "நடந்துவிட்டது, அதனால் செய்கிறேன்." "நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்கிறேன்."

முதல் வாக்கியம் ஒரு ஒப்பந்தம். அதற்குள் ஒரு கூற்று ஒளிந்திருக்கிறது: நான் நேர்ந்துகொண்டால் நடப்பதற்கு வாய்ப்புக் கூடும். இது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. கடலில் தப்பியவர்கள் கோயிலில் மாட்டிவைத்த காணிக்கைப் படங்களைக் காட்டி, "இதைப் பார்த்தும் தெய்வத்தை நம்பமாட்டாயா" என்று கேட்டவர்களிடம், "வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே மாட்டியிருக்கின்றன" என்று டயாகரஸ் என்ற கிரேக்கர் திருப்பிக் கேட்டாராம். ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ எழுதிவைத்த கதை இது. நம் ஊரிலும் இதே கணக்குத்தான். இடம் கிடைத்த பிள்ளையின் தாய் பால்குடத்தோடு ஊர் பார்க்க நடக்கிறார். கிடைக்காத பிள்ளையின் தாய் வீட்டில் இருக்கிறார். நாம் எண்ணுவது தெருவில் தெரிகிற குடங்களை மட்டும்.

முறையாக எண்ணிப் பார்த்ததும் உண்டு. 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்காக முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தித்தார்கள், ஆனால் அது நடப்பது அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. இன்னொரு பிரிவினருக்காக யாரும் பிரார்த்திக்கவில்லை, அதுவும் அவர்களுக்குத் தெரியாது. முதல் பிரிவில் 52 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 51 விழுக்காட்டினருக்கும் சிகிச்சைக்குப் பின் சிக்கல் வந்தது. வித்தியாசம் இல்லை. "உங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள்" என்று சொல்லிவைத்த மூன்றாம் பிரிவில் 59 விழுக்காடு. அந்தச் சேதியே பதற்றத்தைக் கூட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அங்கே பிரார்த்தித்தவர்கள் கிறிஸ்தவக் குழுக்கள், நோயாளிக்கு அந்நியர்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு நேர்வதை இது அளக்கவில்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகும், 'நடந்தால்' என்ற ஒப்பந்தத்துக்குச் சாதகமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஒப்பந்தத்தின் பெரிய கேடு வேறு. நடக்காதபோது அது நேர்ந்தவரையே குற்றவாளியாக்குகிறது. விரதத்தில் என்ன குறை வைத்தேன், தீட்டோடு விளக்கேற்றினேனா, முப்பதாம் நாள் முட்டை கலந்த பிஸ்கட் தின்றேனா என்று மனது நோண்டும். தோட்டத்தில் ஆள் சேர்த்த கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு போனது போல முருகனுக்கும் கணக்குத் தீர்க்க வேண்டும் என்று நினைத்துவிட்டால், கணக்கில் பிசகு தேடுவதுதான் பக்தி என்றாகிவிடும்.

இரண்டாவது வாக்கியத்தில் சண்டை போட ஒன்றும் இல்லை. நல்லது நடந்திருக்கிறது, மனசு நிறைந்திருக்கிறது, யாருக்காவது நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. மருத்துவருக்கும் சொல்லிவிட்டு முருகனுக்கும் சொன்னால் யாருக்கு என்ன நட்டம்?

மூன்றாவதுதான் ஆழமானது. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியின் இரண்டாம் பாட்டில் 'ஏனும்' என்ற சொல்லை மூன்று முறை அடுக்குகிறார்: "இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும் படரும் நெறிபணியா ரேனும்". என் துன்பத்தை நீக்காவிட்டாலும், எனக்கு இரங்காவிட்டாலும், போகும் வழியைக் காட்டாவிட்டாலும், அவர்மேல் என் நெஞ்சுக்கு அன்பு அறாது. இதை எந்த ஆய்வும் பொய்யாக்க முடியாது. விளைவைப் பற்றி இது எதுவுமே சொல்லவில்லை. மாணிக்கவாசகர் வணிகப் பேச்சையே எடுத்துத் தலைகீழாக்குகிறார்: "தந்ததுன் தன்னைக் கொண்டதென் தன்னைச் சங்கரா ஆர்கொலோ சதுரர்". நீ உன்னைத் தந்தாய், என்னை வாங்கிக்கொண்டாய், இந்த வியாபாரத்தில் கெட்டிக்காரன் யார் என்று கேட்கிறவரிடம் ஒப்பந்தம் எழுத முடியாது.

அப்படியானால் இது அறிவுக்குப் பொருந்துமா?

1877இல் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கப்பல் முதலாளியின் உதாரணத்தைச் சொன்னார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்று முதலாளிக்குத் தெரியும். இத்தனை முறை போய்வந்த கப்பல்தானே, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று மனத்தைத் தேற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்காமல் திரும்பியிருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு, ஏனென்றால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுமொழி சொன்னார். ஆதாரத்தால் தீர்க்க முடியாத, தள்ளிப்போடவும் முடியாத, வாழ்க்கையையே மாற்றுகிற கேள்விகள் சில உண்டு. அங்கே நெஞ்சு சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க மனிதனுக்கு உரிமை உண்டு என்றார்.

நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் இருவரும் சொல்வது வெவ்வேறு இடங்களைப் பற்றி. தொழிற்சாலை பஸ்ஸின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதில் தப்பில்லை. டயர் வழுக்கையாக இருக்கும்போது பழத்தை நம்பி நாற்பது பேரை ஏற்றினால் கிளிஃபர்ட் சொன்ன கப்பல் முதலாளிதான் அந்த டிரைவர். ஒருத்தியைக் கட்டிக்கொள்வது, ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது, பிறந்த தோட்டத்தை விட்டுக் கிளம்புவது: இவற்றுக்கெல்லாம் முழு ஆதாரம் வரும்வரை காத்திருந்தவன் காத்துக்கொண்டே இருப்பான். அது ஜேம்ஸ் பேசும் இடம்.

சைவ சித்தாந்தத்தில் இதற்குத் தெளிவான அளவை உண்டு. காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டு அறிவது, கண்டதை வைத்து ஊகித்து அறிவது, நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. டயர் காட்சிக்கு உட்பட்டது. இரத்தச் சர்க்கரை அளவும் அப்படியே. அங்கே உரையைக் கொண்டுவந்து நிறுத்துவது சித்தாந்தத்துக்கே பொருந்தாது. வாழ்வுக்கு ஒரு பொருள் உண்டா, சாவுக்கு அப்பால் ஏதாவது மிஞ்சுமா என்பது காட்சிக்கு எட்டாது. அங்கே உரையைக் கேட்பவனை முட்டாள் என்று சொல்லிவிடவும் முடியாது.

இந்தப் பேச்சில் நமக்கு மிகவும் பயன்படுவது, கடவுளைப் பற்றிப் பேசாத ஒரு குறள்தான். தெரிந்து தெளிதல் அதிகாரம் ஓர் அரசன் தன் அமைச்சனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறது. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் தினமும் சந்தேகப்படுவதும் துன்பம். 1960இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அவற்றைத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்று மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் முன்நின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், நாள்கூலி வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் காசு கட்டினார்கள். சம்பந்தன் இந்தச் சுங்கை சிப்புட்காரர். ஆளைத் தெரியும், பேச்சைக் கேட்டிருந்தார்கள், கணக்கைக் கேட்க வழி இருந்தது. ஆனால் தோட்டம் கைக்கு வரும் என்பதற்கு அன்று ஆதாரம் இல்லை. தேர்ந்தபின் தேறியது அது. சமய நம்பிக்கை அறிவுக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டுமானால் அது இந்த மாதிரி இருக்க வேண்டும்: சோதிக்கக்கூடியதைச் சோதித்துவிட்டு, எஞ்சியதை நம்பித் துணிவது.

இனி இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பால்குடம்

எளிது, ஆணும் பெண்ணும் சிறுவரும் எடுக்கலாம், விரதம் தவறினாலும் உடம்புக்குப் பெரிய ஆபத்து இல்லை. பிழை நேர்வது பாலில்தான். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. நாலு லிட்டர் குடத்தில் விளிம்புவரை ஊற்றினால் குடத்தோடு சேர்த்து ஐந்து கிலோவுக்கு மேல், அதைத் தலையில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். அரைக்குடம் போதும். சும்மாடு இல்லாமல் ஏற்றினால் கழுத்து மறுநாள் திரும்பாது. குளிர்பெட்டியில் இருந்த பாலை அதிகாலை மூன்று மணிக்கே ஊற்றிக் கட்டிவிட்டு, ஒன்பது மணிக்குச் சன்னிதிக்குப் போகிறவர்களின் பால் 30 பாகை வெயிலில் திரிந்துதான் போகும். அட்டைப்பெட்டிப் பாலை வாங்கி, புறப்படும் இடத்தில் குடம் ஏற்றுவதற்குச் சற்றுமுன் உடைத்து ஊற்றுவதே நல்லது. ஈயம் பூசாத பித்தளைக் குடத்தில் பால் நெடுநேரம் நிற்கக் கூடாது. புளிக்கத் தொடங்கினால் உலோகம் கரைந்து பாலில் இறங்கும். எவர்சில்வர் குடத்தை முருகன் வேண்டாம் என்று சொன்னதாக எந்தப் புராணத்திலும் இல்லை.

அபிஷேகப் பால் சாக்கடைக்குப் போகிறதே என்ற கேள்வி வருடா வருடம் வரும். ஒரு லிட்டர் குடத்துக்கு, ஒரு லிட்டர் பிள்ளைகள் இல்லத்துக்கு என்று நேரும்போதே சொல்லிவிட்டால் கேள்வியும் அடங்கும், கடனும் தீரும்.

காவடியும் அலகும்

அகத்தியர் சொல்லி, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் கட்டிச் சுமந்த இடும்பன்தான் முதல் காவடிக்காரன். அந்தக் கதையில் அலகு இல்லை, சுமை மட்டும்தான். ஈப்போ கல்லுமலைக்கோ, பத்துமலையின் 272 படிகளுக்கோ போகிற இன்றைய அலங்காரக் காவடிகளில் இருபது, முப்பது கிலோ சாதாரணம். சுமை இடுப்புப்பட்டையில் இறங்க வேண்டும். தோளில் மட்டும் நின்றால் கை மரத்துப்போய்ப் படியில் தடுமாற்றம் வரும். புறப்படுமுன் காவடியைக் கட்டிக்கொண்டு கால்மணி நேரம் வீட்டு வாசலில் நடந்து பார்க்காதவர்கள்தான் பாதிவழியில் பட்டையை அவிழ்த்துக் கட்டுகிறார்கள்.

48 நாள் விரதம் என்பது ஒரு மண்டலம். 21 நாளாகவும் ஏழு நாளாகவும் குறைத்துக்கொள்வோரும் உண்டு. ஒருவேளைச் சாப்பாடு, மரக்கறி, தரைப்படுக்கை என்பதெல்லாம் உடம்பையும் மனத்தையும் மெல்ல மெல்ல அந்த நாளுக்குத் தயார் செய்யும். கடைசி மூன்று நாள் மட்டும் பட்டினி கிடந்துவிட்டு வருகிறவர்கள்தான் கொட்டு மேளத்துக்கு நடுவில் மயங்கி விழுகிறார்கள். அதை அருள் என்று நினைத்து இன்னும் வேகமாக உறுமி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கண் செருகி, தோல் காய்ந்து சூடாகி, பேச்சுக் குழறினால் அது வெயில் தாக்கியது. நிழலுக்குக் கொண்டுபோய், காவடியை இறக்கி, அக்குளிலும் கழுத்திலும் குளிர்ந்த துணி வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு, வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் அதைவிட நல்லது.

அலகில் கவனிக்க வேண்டியது ஊசிதான். ஒருவருக்குக் குத்தியதைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குக் குத்துவது ஹெப்படைடிஸ் பி, சி கிருமிகளுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவது போல. திருநீறு கிருமிநாசினி ஆகாது. எலுமிச்சம்பழத்தில் குத்தி எடுப்பதும் ஆகாது. ஒருவருக்கு ஒரு தொகுதி, கொதிநீராவியில் சுத்தம் செய்தது, தனித்தனிப் பையில் இருக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு தாண்டியிருந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்று இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் அலகு குத்தவே கூடாது. காவடிக்காக அந்த மாத்திரையை நாலு நாள் நிறுத்துவது இன்னும் மோசம்.

இத்தனையும் எதற்கு என்று கேட்டால், ஒரு விடை மொரீசியசிலிருந்து வந்திருக்கிறது. அங்கே தைப்பூசக் காவடி எடுத்தவர்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டுப் பிரார்த்தனை மட்டும் செய்தவர்களைவிட, அலகு குத்திய நிகழ்வில் கலந்துகொண்டவர்கள் பொதுக் காரியத்துக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தார்கள். குத்திக்கொள்ளாமல் கூடவே நடந்தவர்களும் அப்படியே. கேட்டது கிடைத்ததா என்பது வேறு. சேர்ந்து வலித்தவர்கள் ஒருவருக்கொருவர் கொஞ்சம் தாராளமாகிறார்கள். 'நடந்தாலும்' என்று நேர்ந்தவருக்கு இது பெரிய விசயம்.

வாடகைக் காவடி பல நூறு வெள்ளி (ரிங்கிட்), மேளக்குழுவோடு ஆயிரத்தைத் தாண்டும். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிக்கொண்டு அந்தக் கட்டணத்தையே காவடிக்குக் கொடுப்பவர்களைப் பார்த்தால் முருகனுக்கே சங்கடமாக இருக்கும்.

தீமிதி

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் உச்சம். இங்கேதான் நம்பிக்கையும் இயற்பியலும் நேருக்கு நேர் மோதுவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். மோதவில்லை. மரக்கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், தாங்கிவைத்திருக்கும் வெப்பமும் குறைவு, மேலே பூத்த சாம்பல் இன்னும் தடுக்கும், ஒரு காலடி தணலில் படும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. 1935இல் இலண்டன் அருகே குடா பக்ஸ் என்பவரைத் தணலில் நடக்கவைத்துச் சோதித்தவர்களும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். நம்பாதவனும் நடந்துவிடலாம். அப்படியானால் அம்மன் எங்கே போனாள் என்று கேட்டால், தணலுக்கு முன்னால் நின்று முதல் அடியை எடுத்துவைக்க முடியாமல் நடுங்குகிற காலைக் கேளுங்கள். கரியின் குணம் தெரிந்தும் அந்தக் கால் நடுங்கும்.

சுடுவது எங்கே என்றால்: விறகில் பழைய பெட்டிப் பலகை இருந்து ஆணி தணலில் தங்கிவிட்டால், அந்த இரும்பு கரியைப் போல மெதுவாகக் கடத்தாது, பட்ட இடம் வெந்துவிடும். சாம்பல் பூக்குமுன் சுடர் இருக்கும்போதே இறங்கினால் சேலைக் கரை பற்றும். நைலக்ஸ் சேலை உருகித் தோலோடு ஒட்டும், பருத்தியே கட்ட வேண்டும். ஓடினால் விரல் தணலுக்குள் புதையும், நின்றால் பாதம் வேகும். முன்னால் போகிறவர் குழியைத் தாண்டும்வரை அடுத்தவரை இறக்கக் கூடாது, ஒருவர் தடுக்கினால் மூவர் விழுவார்கள்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் தீமிதியைத் தொடவே கூடாது. "எனக்குச் சூடே தெரியவில்லை, அம்மன் அருள்" என்று அவர் மகிழ்ந்து வீட்டுக்குப் போவார். மூன்றாம் நாள் கொப்புளம் புண்ணாகி, அந்தப் புண் விரலைக் கேட்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி அப்போது இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே இன்னும் அதிகம். திருவிழாக் குழு சீட்டு எழுதும்போது பெயரோடு இதையும் கேட்டு எழுத வேண்டும்.

மொட்டை, கிடா

மொட்டைக்குச் செலவும் ஆபத்தும் குறைவு. ஆளுக்கு ஒரு புதுப் பிளேடு, கண்முன்னே பிரித்தது. இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம், முடி எங்கும் ஓடிவிடாது. முனியாண்டிக்குக் கிடா நேர்வது செம்பனைத் தோட்ட ஓரக் கோயில்களில் இன்னும் உண்டு. பிள்ளைகள் முகம் சுளிக்கிற வீட்டில் அடுத்த தலைமுறையின் தலையில் அந்தக் கடனைக் கட்டாமல் இருப்பது நல்லது.

அன்னதானம்

எங்களைக் கேட்டால், 'நடந்தாலும்' வாக்கியத்துக்கு மிகப் பொருத்தமானது இதுதான். கேட்டது கிடைக்காவிட்டாலும் முந்நூறு பேர் சாப்பிட்டது சாப்பிட்டதுதான். அந்தப் பலனைச் சந்தேகப்பட யாராலும் முடியாது.

ஆனால் இதை எளிது என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 300 பேருக்கு அரிசி ஆளுக்கு 100 முதல் 120 கிராம் வீதம் 30 முதல் 36 கிலோ. துவரம்பருப்பு 9 கிலோ. சாம்பாருக்கும் கூட்டுக்கும் சேர்த்துக் காய்கறி 45 கிலோ. மோருக்குத் தயிர் 11 லிட்டர், மூன்று பங்கு தண்ணீர். 14 கிலோ எரிவாயுத் தோம்பு இரண்டு; ஒன்று தீர்ந்து அரிசி பாதி வேக்காட்டில் நிற்கிற கதை வேண்டாம் என்றால் மூன்றாவதை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாழையிலை 330, கிழிந்தது போக. முப்பது கிலோவையும் ஒரே அண்டாவில் போட்டால் அடி குழையும், மேல் நறுக்கரிசியாக நிற்கும். பத்துப் பத்துக் கிலோவாக மூன்று ஈடு வடிப்பதே முறை.

மூன்று ஈடாக வடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெந்த சோற்றிலும் சாகாமல் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதை, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. விடியற்காலை நாலு மணிக்கு வடித்த சோற்றை மதியம் ஒரு மணிக்குப் பரிமாறும்போது வாந்தி வருவது அதனால்தான், கண் பட்டதால் அல்ல. சோறும் குழம்பும் 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். சூடு இல்லாமல் நாலு மணி நேரம் தாண்டியது எதையும் இலையில் வைக்கக் கூடாது. தேங்காய்ச் சட்டினி முதலில் கெடும். அதைக் கடைசியில் அரையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். கையில் புண் இருப்பவரும், அந்த வாரம் வயிற்றுப்போக்கு வந்தவரும் பாத்திரம் கழுவலாம், பரிமாற வேண்டாம்.

தண்ணீர்ப் பந்தலும் இதில் சேர்ந்ததே. அங்கே இளநீர் வைத்தால் ஒரு எச்சரிக்கையும் வையுங்கள்: சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவர்கள் இளநீர் குடிக்கக் கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். புண்ணியத்துக்கு வைத்த செம்பு யாருக்காவது எமனாகிவிடக் கூடாது.

நேராமலே இருப்பது

இதுவும் ஒரு தேர்வு. இதை நாத்திகம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. "நட்டகல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்" என்று கேட்ட சிவவாக்கியர் சித்தர் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர். பல்கலைக்கழகம் போய்வந்த பிள்ளை "எனக்காக நீங்கள் காவடி எடுக்க வேண்டாம்" என்று சொன்னால், அது உங்கள்மீதுள்ள அன்பில் சொன்னதாகவும் இருக்கலாம். அவன் தலையில் உங்கள் ஒப்பந்தத்தை வைக்காதீர்கள். அவனும் உங்கள் நன்றியைக் கேலி பேச வேண்டாம். நேராதவர் சிகிச்சையை விடக் கூடாது, நேர்ந்தவரும் விடக் கூடாது. இந்த ஒன்றில் இரு கட்சிக்கும் ஒரே சட்டம்.

நேர்ந்தாயிற்று, முடியவில்லை என்றால்

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முப்பது வயதில் அலகுக் காவடி நேர்ந்தவருக்கு ஐம்பத்தைந்தில் சர்க்கரையும் இதய அடைப்பும் வந்துவிட்டன. இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ போடுகிறவர் விரதமிருந்தால் சர்க்கரை தாழ்ந்து நடுவழியில் நினைவு தப்பலாம். சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பட்டினியில் இரத்தம் அமிலமாகலாம், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே. ஒரு வெள்ளி கொடுத்துக் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசு மருந்தகத்தில், விரதம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டால் மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள், அல்லது கூடாது என்று சொல்லிவிடுவார்கள்.

கூடாது என்றால் கடனை மாற்றிக்கொள்ளலாம். குருக்களிடமோ பூசாரியிடமோ சொல்லி, சன்னிதியில் வாய்விட்டுச் சொல்லி, அலகைப் பால்குடமாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஒரு குறையும் இல்லை. மகன் தன் விருப்பத்தோடு ஏற்றுச் செய்தால் சரி. அவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் மாற்றி எழுதுவது சரியில்லை. எடுத்துவைத்த அலகை, இடும்பன் பூசை முடிந்தபின், யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

பிறகு அந்த மஞ்சள் முடிச்சு. பழையதாக இருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே பொன்னிற ஒரு ரிங்கிட் நாணயம் இருந்தால், அது 2005 டிசம்பரோடு செல்லாத காசாகிவிட்டது, உண்டியலில் போட்டாலும் கோயிலால் அதை மாற்ற முடியாது. நாணயத்தை எடுத்துப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, இன்றைய ஒரு வெள்ளித் தாளை மடித்து, அதே மஞ்சள் துண்டோடு அதே துணியில் முடிந்து, பாட்டி என்ன சொல்லி முடிந்தார் என்பது தெரியாவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்.